மூன்றாவது முறையும் கேட்பார்கள்

பெரிய அலுமினியப் பானையில் இஞ்சி தட்டிப் போட்ட கோழிக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. துழாவிய கரண்டியை ஒரு கையில் பிடித்தபடியே, மறு கையால் பெலிசா தொலைபேசியை எடுத்தாள். வெளியே ஓயாத மழை. உள்ளே கொடிகளில் உலராத துணிகள். துணிகளுக்கு அடியில், வரிசையாக விரித்த பாய்களில், நிறைமாத வயிற்றோடு பெண்கள்.

இலோயிலோ நகரத்து அரசு மருத்துவமனைக்கு எதிரே, கன்னியர் மடத்துப் பள்ளியின் மதிலை ஒட்டி நிற்கும் அந்தத் தகரக்கூரை வீட்டை எங்கள் ஊரில் காத்திருப்பு வீடு என்போம். மழைக்காலத்தில் கடல் பொங்கினால் தீவுகளிலிருந்து படகு வராது. படகு வராத நாளில் பிரசவ வலி வந்தால், அந்தப் பெண்ணுக்கு மருத்துவமனை என்பது கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாத ஒரு விளக்கு. ஆகவே தீவுப் பெண்கள் கடைசி மாதத்திலேயே வந்து அந்த வீட்டில் தங்குவார்கள். வலி எடுத்ததும் சாலையைக் கடந்து மருத்துவமனைக்கு நடப்பார்கள். வீட்டை நடத்துவது கன்னியர் பள்ளியின் முன்னாள் மாணவியர் தொண்டுச் சங்கம். மேடையில் அது சங்கத்தின் வீடு. அடுப்படியில் அது பெலிசாவின் வீடு.

"பெலிசா, நான்தான் குளோதில்டே அக்கா பேசறேன். சாப்பிட்டியா?"

"இனிமேதான் அக்கா. சொல்லுங்க."

"சங்கத் தேர்தல் வருதில்ல? தலைவிக்கு உன் பேரையும் யாரோ எழுதிக் குடுத்திருக்காங்க. வேட்புக் குழுவுக்கு நான் பொறுப்பு, அதனால கேக்கறேன். நிக்கறியா?"

பெலிசாவின் நெஞ்சு ஒருமுறை துள்ளி அடங்கியது. துள்ளியதை வாய் காட்டவில்லை.

"ஐயோ, நானா அக்கா? எனக்கு என்ன தகுதி இருக்கு? என்னைவிடப் பெரியவங்க எத்தனை பேரு இருக்காங்க!"

"அதானே, உன் குணம் எனக்குத் தெரியாதா? சரிம்மா, நான் வற்புறுத்தல. மழையில நனையாம இரு."

தொலைபேசி வைக்கப்பட்டது. பெலிசா புன்னகை செய்தாள். ஏன் புன்னகை? முதல் மறுப்பு ஒழுங்காக முடிந்துவிட்டது. இன்னும் இரண்டு பாக்கி.

அந்தப் பள்ளியில் படித்த எந்தப் பெண்ணையும் கேளுங்கள், சொல்வாள். ஒரு பதவியோ, ஒரு பரிசோ, விருந்துத் தட்டில் கடைசியாக மிஞ்சிய இனிப்போ உன்னை நோக்கி நீட்டப்பட்டால், முதல் முறை வேண்டாம் என்று சொல். இரண்டாம் முறை தலை குனிந்து சொல். மூன்றாம் முறை, "நீங்கள் இவ்வளவு சொல்வதால்" என்று முணுமுணுத்துப் பெற்றுக்கொள். முதல் முறையே கை நீட்டுகிறவள் பறிப்பவள். பறிப்பவள் நல்ல குடும்பத்துப் பெண் அல்லள். இப்படித்தான் கன்னியர் கற்பித்தார்கள். பணக்கார வீட்டுப் பெண்களுக்கு இது ஒரு நாகரிக விளையாட்டு. அவர்கள் எத்தனை முறை மறுத்தாலும் கேட்பதற்கு ஆள் இருந்தது. பெலிசாவோ கட்டணமில்லாச் சலுகையில் படித்தவள். மற்றச் சிறுமிகள் முன்வாசல் படிக்கட்டில் ஏற, சலுகைப் பிள்ளைகள் சமையற்கட்டை ஒட்டிய பின்வாசலில் நுழைந்த காலம் அது. முன்வாசலில் நுழைந்தவர்களுக்குப் பணிவு ஓர் ஆபரணம். பின்வாசலில் நுழைந்தவர்களுக்கோ அது கண்ணுக்குத் தெரியாத கால்விலங்கு. அந்த விலங்கைத்தான் அறுபது வயதிலும், ஆசிரியைப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின்னும், நகையென்று நம்பி மினுக்கிக்கொண்டிருந்தாள் பெலிசா.

"யாரு டீச்சர் போன்ல? முகம் எல்லாம் பல்லா இருக்கு!" என்று பாயிலிருந்து ஒரு குரல் வந்தது. டெல்மா. தொலைதூரத் தீவு மீனவனின் மனைவி. வயிறு எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய வாய். சென்ற முறை அவளுக்குப் படகிலேயே வலி வந்தது, பிள்ளை தங்கவில்லை. அதனால் இந்த முறை மற்றவர்களுக்கு முன்னதாகவே வந்து படுத்துவிட்டாள்.

"சங்கத்துக்குத் தலைவியா நிக்கறியான்னு கேக்கறாங்க."

"அடேயப்பா! சரின்னீங்களா?"

"எடுத்த எடுப்புல யாராவது சரின்னு சொல்லுவாங்களா?"

டெல்மா எழுந்து உட்கார்ந்தாள். "நாங்க சொல்லுவோம். கடல்ல விழுந்தவனுக்குக் கையை நீட்டினா, 'ஐயோ நான் எதுக்கு, வேற யாரையாவது தூக்குங்க'ன்னா சொல்லுவான்?"

பாய்களெல்லாம் சிரித்தன. பெலிசாவும் சிரித்தாள். சிரித்திருக்கக் கூடாது.

ஏனெனில் அந்தத் தேர்தலில் பணயமாக வைக்கப்பட்டிருந்தது ஒரு நாற்காலி அல்ல, அந்தப் பாய்கள். காத்திருப்பு வீட்டைத் திறப்பதும் மூடுவதும் சங்கத் தலைவியின் கையில். பழைய மாணவியரின் பெருவிழா அடுத்த ஆண்டு வருகிறது. மணிலாவிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருகிற சீமாட்டிகள் உட்கார்ந்து தேநீர் அருந்த, பள்ளியை ஒட்டி ஒரு வரவேற்பு மாளிகை வேண்டும் என்று குளோதில்டேயின் அணி ஓராண்டாகவே பேசிவந்தது. குளோதில்டே அர்மோனியோ கரும்புப் பண்ணைக்காரி. தன் அண்ணன் மகள் வெரோனிக்காவைத் தலைவியாக்கினால் வீடு கைக்கு வரும் என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கு பெலிசாவுக்கும் தெரியும். தெரிந்தும், மூன்றாவது அழைப்புக்காகக் காத்திருந்தாள்.

இரண்டாவது அழைப்பே வரவில்லை.

ஒரு மாலை எஸ்தர் வந்தாள். எஸ்தர் பெலிசாவின் வகுப்புத் தோழி. கடைவீதியில் ரொட்டிக்கடை வைத்திருப்பவள். மாவு படிந்த முழங்கையோடும் மழை சொட்டும் குடையோடும் நுழைந்து, வணக்கம்கூடச் சொல்லாமல் கேட்டாள்.

"கூப்பிட்டாளா கிழவி?"

"கூப்பிட்டாங்க. ஒரு தடவ."

"நீ என்ன சொன்னே?"

"என்ன சொல்றது? வேணாம்னேன்."

"அடிப்பாவி! லூசாடி நீ?"

"முறைன்னு ஒண்ணு இருக்கில்ல எஸ்தர். மறுபடி கேப்பாங்க."

"கேக்கறாங்கடி, கேக்கறாங்க! வெரோனிக்காவை! அவளும் ஐயோ நான் எதுக்குன்னாளாம். மறுநாள் போன். அப்பவும் வேணாம்னாளாம். மூணாவது தடவ, அவ மணிலாவுலேர்ந்து ஊருக்கு வந்திருந்தப்போ, கிழவி கார்ல போய், என் கடையிலயே கேக் வாங்கிட்டுப் போய்க் கேட்டிருக்கா. கேக்குல பேரு எழுதினதே நான்தான்! அவளுக்குன்னா மூணு தடவ, உனக்குன்னா ஒரு தடவ. புரியுதா? உன் வாயை வெச்சே உன்னை வெட்டிட்டா."

பெலிசாவின் முகம் வாடியது. எஸ்தர் தொலைபேசியை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

"இப்பவே போன் பண்ணி, நிக்கறேன் அக்கான்னு சொல்லு. ரெண்டே வார்த்தை."

"நானா? நானே கூப்பிட்டா? ஆசை புடிச்சவன்னு நினைக்க மாட்டாங்க?"

"ஆசை இல்லையா உனக்கு?"

பெலிசாவின் கண் உள்ளறைப் பக்கம் போனது. உள்ளறை அலமாரியில், விழாவுக்கென்று தைத்து வைத்த நீல நிற உடை ஒன்று தொங்கியது. பதவி ஏற்பு நாளில் சொல்லவேண்டிய சொற்களை, கண்ணாடி முன் நின்று அவள் ஒருமுறைக்கு மேல் ஒத்திகை பார்த்திருந்தாள். ஆசை இருந்தது. அந்த ஆசையில் குற்றமும் இல்லை. உழைத்தவள் உழைப்பின் பொறுப்பை விரும்புவதில் என்ன குற்றம்? அதை மறைத்ததுதான் குற்றம். தான் கெஞ்சப்படவேண்டும், ஊர் பார்க்கக் கெஞ்சப்படவேண்டும் என்ற இனிப்புக்கு அவள் நாக்கு பழகிவிட்டிருந்தது. அந்த இனிப்பைக் காட்டித்தான் அடக்கமான பெண்களை இந்தச் சமுதாயம் காலமெல்லாம் அடுப்படியில் உட்கார்த்தி வைத்திருக்கிறது.

"பொதுக்கூட்டத்துல பாத்துக்கலாம்," என்றாள் மெல்ல. "நீ எழுந்து என் பேரைச் சொல்லு. அங்கே எல்லார் முன்னாடியும் கேக்காம இருக்க முடியாதில்ல."

"சொல்றேன். ஆனா கடவுள் மேல ஆணையா, அங்கேயும் அழகு காட்டினே, உன் தலையில மாவுப் பையைக் கொட்டிடுவேன்."

பொதுக்கூட்டம் பள்ளியின் பெரிய மண்டபத்தில் நடந்தது. விசிறிகள் சுழன்றன, ஜெபம் முடிந்தது, பள்ளிப் பாடலும் முடிந்தது. மூத்த வகுப்பார் முன்வரிசையில், இளையவர்கள் பின்வரிசையில் அமர்ந்தார்கள். பெலிசா நீல உடையில் நடுவே இருந்தாள். வெரோனிக்கா மேடைக்கு அருகே, மணிலாவிலிருந்து அன்று காலை விமானத்தில் வந்த களைப்பைக்கூட அழகாக அணிந்துகொண்டு அமர்ந்திருந்தாள். காத்திருப்பு வீட்டின் வாசலை அவள் மிதித்தது ஒரே ஒரு முறை, புகைப்படத்துக்காக.

குளோதில்டே ஒலிபெருக்கி முன் நின்றாள்.

"அன்புச் சகோதரிகளே, தலைவி பதவிக்கு வேட்புக் குழு முன்வெக்கிற பேரு வெரோனிக்கா அர்மோனியோ. இன்னொரு பேரும் வந்துச்சு. அது யாரு பேருன்னு சொன்னா நீங்க சந்தோஷப்படுவீங்க. நம்ம பெலிசா! நான் கேட்டேன். அவ என்ன சொன்னா தெரியுமா? 'எனக்கு என்ன தகுதி அக்கா'ன்னா. பாருங்க, இத்தனை வருஷம் உழைச்சவ சொல்ற வார்த்தையா இது? இந்தப் பணிவு இந்தக் காலத்துல எங்க கிடைக்கும்? எழுந்திரு பெலிசா, உன்னை எல்லாரும் பாக்கட்டும்!"

மண்டபம் கைதட்டியது. பெலிசா எழுந்தாள். முன்வரிசை திரும்பிப் பார்த்துத் தட்டியது. பின்வரிசை எட்டிப் பார்த்துத் தட்டியது. யாரோ மல்லிகை மாலை ஒன்றை அவள் கழுத்தில் போட்டார்கள். ஒரு மனிதப் பிறவியை இத்தனை நேர்த்தியாக உயிரோடு புதைத்த காட்சியை அந்த மண்டபம் அதற்குமுன் கண்டதில்லை.

கைதட்டல் ஓயுமுன் எஸ்தரின் குரல் எழுந்தது. "நான் இங்கேருந்து பேரு சொல்றேன்! தலைவிக்குப் பெலிசா தும்லோஸ்!"

சலசலப்பு. குளோதில்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கோபம் துளியும் இல்லை. அதுதான் அதன் கூர்மை.

"எஸ்தர், உன் அன்பு எனக்குப் புரியுது. ஆனா பெலிசா என்கிட்ட வேணாம்னு சொல்லிட்டா. ஏம்மா பெலிசா, நீ அன்னிக்கு மனசாரத்தானே சொன்னே? இல்ல... சும்மா வாய் வார்த்தைக்குச் சொன்னியா?"

மண்டபம் முழுவதும் பெலிசாவைப் பார்த்தது. கழுத்தில் பணிவுக்குப் போட்ட மாலை. 'நிற்கிறேன்' என்றால், அந்த மாலைக்குப் பொய் சொன்னவள் ஆவாள். வாயைத் திறந்தாள்.

"மனசாரத்தான் அக்கா... ஆனா..."

"வேட்பாளர் பெயர்களை இத்தோட முடிக்க முன்மொழியறேன்!"

கதவோரத்திலிருந்து வந்தது அந்தக் குரல். ரோவேனா என்பது அவள் பெயர். எங்கள் ஊர்த் தேர்தல்களை அறிந்தவர்களுக்கு இந்தக் கதவோரப் பெண்ணையும் தெரியும். அவளுக்கு வேறு வேலை இல்லை. தனக்கு வேண்டிய பெயர் மேடையேறியதும், வேண்டாத பெயர் மூச்சு வாங்கும் அந்த இடைவெளியில், எழுந்து இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லவேண்டும். சொன்னாள். "வழிமொழியறேன்!" என்றது இன்னொரு குரல். ஒரே பெயர் மிஞ்சினால் வாக்குச் சீட்டு வேண்டாம், கைதட்டலே போதும் என்பது சங்க விதி. தட்டினார்கள். பெலிசாவின் 'ஆனா', அந்தக் கைதட்டலுக்குள் விழுந்து காணாமற்போனது.

கூட்டத்துக்குப் பின், கழுத்து மாலையும் கையில் சங்கம் கொடுத்த, 'தன்னலமற்ற சேவைக்கு' என்று பொறித்த பளபளப்பான பலகையுமாகப் பெலிசா காத்திருப்பு வீட்டுக்கு வந்தாள். டெல்மா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"தலைவியம்மா வர்றாங்க, வழி விடுங்கடி!"

"நான் இல்ல டெல்மா. வெரோனிக்கா."

"ஓட்டு கம்மியா போச்சா?"

"ஓட்டே போடல. நான் வேணாம்னு சொன்னதா..."

"சொன்னீங்களா?"

"மறுபடி கேப்பாங்கன்னு நெனச்சேன்."

டெல்மா அந்தப் பலகையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லா மினுக்குது. டீச்சர், நாற்காலி உங்களுது, வேணும்னா உக்காருங்க, வேணாம்னா விட்ருங்க. பாய் எங்களுதுல்ல? எங்க பாயை எதுக்கு டீச்சர் வேணாம்னீங்க?"

பெலிசா மாலையைக் கழற்றி அடுப்பங்கரை ஆணியில் மாட்டினாள்.

புதிய தலைவி மணிலாவுக்குத் திரும்பிப் போனாள். அவள் உத்தரவு மட்டும் வந்தது. பெருவிழாவுக்காக வீட்டைப் புதுப்பிக்க வேண்டும். ஆகையால் 'தற்காலிகமாக' மூட வேண்டும். தற்காலிகம்! இந்த ஒரு சொல்லின் மறைவில் எத்தனை ஏழைகளின் கதவு நிரந்தரமாகச் சாத்தப்பட்டிருக்கிறது!

பாய்கள் சுருட்டப்பட்டன. இரண்டு பெண்களை எஸ்தர் தன் ரொட்டிக்கடையின் மாடிக்கு அழைத்துப்போனாள். அதற்கு மேல் அங்கே இடமில்லை. மற்றவர்களுக்கு நகரத்தில் உறவினர் இருந்தார்கள். மிஞ்சியவள் டெல்மா. துணிமூட்டையைக் கட்டி, சுவரில் சாய்ந்து நின்றாள்.

"என் வீட்டுக்கு வந்துடு டெல்மா," என்றாள் பெலிசா. அவள் வீடு சிறியது. மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் நெருக்கி வாழ்கிற வீடு. மருமகளின் முகம் அந்த நொடியில் அவள் கண்முன் வந்து போயிற்று.

டெல்மா அந்த முகத்தைக் காணவில்லை. பெலிசாவின் முகத்தைக் கண்டாள்.

"வேணாம் டீச்சர். உங்களுக்கு எதுக்குச் சிரமம்? நான் ஊருக்கே போயிடறேன். நாள் இன்னும் இருக்கு. பெயின் வர்றதுக்குள்ள கடல் அடங்கிடும்."

"அப்படியா? சரி... பத்திரமா போ."

அவ்வளவுதான். மழை லேசாக விட்டிருந்தது. இருபுறமும் மூங்கில் கட்டிய படகில் டெல்மா ஏறினாள். பெலிசா படகுத்துறையில் நின்று கையசைத்தாள். செய்யவேண்டியதைச் செய்துவிட்ட நிம்மதிகூட அவளுக்குச் சிறிது இருந்தது. கேட்டாளே! அவள்தானே வேண்டாம் என்றாள்!

கடல் அடங்கவில்லை. நாள் முந்திக்கொண்டது. எல்லாப் படகுகளும் கரையேறிக் கிடந்தன. டெல்மாவின் கணவன் தன் படகை மட்டும் இறக்கினான். அலை அதைத் திருப்பித் தள்ளியது. தீவின் படகுத்துறையில், மீன்கூடைகளுக்கு நடுவே, ஒரு தார்ப்பாயின் கீழ் அந்தப் பிள்ளை பிறந்தது. அழவில்லை.

தாயை மட்டும் பிறகு மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். செய்தி கேட்டுப் பெலிசா ஓடினாள். டெல்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சன்னலுக்கு வெளியே, சாலைக்கு எதிர்ப்புறம், காத்திருப்பு வீட்டுக்குள் புதிய சோபாக்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் உறை பிரிக்காத, வெள்ளை நிறச் சோபாக்கள்.

"டெல்மா... ஏன்டி என்கூட வரமாட்டேன்னு சொன்னே?"

அந்தப் பெரிய வாயிலிருந்து குரல் மிகச் சிறியதாக வந்தது.

"இன்னொரு தடவ கேப்பீங்கன்னு நெனச்சேன் டீச்சர்."

பெலிசா கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். குளோதில்டேயைத் திட்ட அவளிடம் எத்தனையோ சொற்கள் இருந்தன. அத்தனையும் அந்தக் கணத்தில் திரும்பி அவளை நோக்கி வந்தன. குளோதில்டே தன்னிடம் செய்ததை, எழுத்துப் பிசகாமல், தான் டெல்மாவிடம் செய்திருக்கிறாள். முறைக்கு ஒருமுறை கேட்டாள். முறைக்கு வந்த மறுப்பை, மனநிம்மதியோடு வாங்கிக்கொண்டாள்.

பெருவிழா நடந்தது. சீமாட்டிகள் சோபாக்களில் அமர்ந்தார்கள். தற்காலிகம் நீண்டது. வெரோனிக்காவின் காலம் முடிந்து, அடுத்த தேர்தல் வந்தது. தொலைபேசியும் வந்தது.

"பெலிசா, குளோதில்டே அக்கா. சாப்பிட்டியா? தலைவிக்கு இந்தத் தடவையும் உன் பேரு வந்திருக்கு. நீ வேணாம்னுதான் சொல்லப்போறே, தெரியும். இருந்தாலும் முறைக்கு ஒரு வார்த்தை..."

"நிக்கறேன் அக்கா."

"என்ன சொன்னே?"

"நிக்கறேன்னு சொன்னேன்."

"என்னடி இது? ஒரு பேச்சுக்காவது வேணாம்னு சொல்லமாட்டியா?"

"ஒரு பேச்சுக்குத்தான் அக்கா ஒரு பிள்ளை போச்சு," என்று சொல்லிப் பெலிசா தொலைபேசியை வைத்தாள்.

ஊர் பேசியது. பெலிசாவுக்குப் பதவி வெறி பிடித்துவிட்டது என்றது. அந்த வயதில் அந்த ஆசை எதற்கு என்றது. வெரோனிக்காவை மறுபடி நிறுத்தினார்கள். பொதுக்கூட்ட நாளில் குளோதில்டே அதே ஒலிபெருக்கி முன் அதே சிரிப்போடு நின்று, "இந்தத் தடவ நம்ம பெலிசா கேட்ட உடனே ஒத்துக்கிட்டா, ரொம்ப அவசரம் போலிருக்கு!" என்றாள். முன்வரிசை நகைத்தது. பெலிசா எழுந்து மேடைக்கு நடந்தாள். நீல உடை இல்லை. சமையல் கறை படிந்த வெள்ளைச் சட்டை. ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினாள்.

"ஆமா அக்கா, அவசரம்தான். பிரசவ வலி மூணு தடவ கேட்டுட்டு வராது.

"போன தடவ எனக்குத் தலைவி ஆகணும்னு ஆசை இருந்துச்சு. இல்லன்னு பொய் சொன்னேன். அந்தப் பொய்க்கு நீங்க எல்லாரும் கைதட்டினீங்க, மாலை போட்டீங்க. நான் 'ஆனா'ன்னு ஆரம்பிச்சேன். அது உங்க காதுல விழல. விழலையா, விழவிடலையா, அது உங்களுக்கே தெரியும். வீட்டை மூடினாங்க. டெல்மான்னு ஒரு பொண்ணு, நம்ம வீட்டுப் பாயில படுத்திருந்தவ, அவளைக் கடலுக்கு அனுப்பிட்டோம். அவ பிள்ளை மீன்கூடைக்குப் பக்கத்துல பொறந்து, அங்கேயே போச்சு. இதுக்குக் குளோதில்டே அக்காவை மட்டும் சொல்லிட்டு நான் உக்காரலாம்னுதான் பாத்தேன். முடியல. டெல்மாகிட்ட நானும் ஒரே தடவதான் கேட்டேன். அவ வேணாம்னதும் எனக்கு உள்ளுக்குள்ள நிம்மதியா இருந்துச்சு. அந்த நிம்மதியை இன்னும் என்னால கழுவ முடியல.

"சகோதரிகளே, அடக்கம்னு நமக்கு எதைக் கத்துக்குடுத்தாங்க? வேணும்ங்கறதை வேணாம்னு சொல்லக் கத்துக்குடுத்தாங்க. குடுக்க மனசில்லாததை 'வேணுமா'ன்னு கேக்கக் கத்துக்குடுத்தாங்க. இது அடக்கம் இல்ல, பொய். உழைக்கிறவ வெக்கப்பட்டு ஒதுங்கினா, உழைக்காதவ வெக்கமில்லாம உக்காருவா. பொறுப்பு நம்மகிட்ட வந்தா, முடியும்னா முடியும்னு சொல்லணும். உதவி வந்தா, வேணும்னா வேணும்னு சொல்லணும். வாய்ப் பேச்சுக்குக் கேக்கறதையும் வாய்ப் பேச்சுக்கு மறுக்கறதையும் இன்னியோட நிறுத்துங்க. நான் தலைவியா நிக்கறேன். எனக்கு அது வேணும். அந்த வீட்டைத் திறக்கறதுக்காக வேணும். இதைச் சொல்ல எனக்கு வெக்கமா இல்ல."

ஒலிபெருக்கியை வைத்தாள். கதவோரத்தில் ரோவேனா எழுந்தாள். பழகிய வாய் பழகிய வாக்கியத்துக்குத் திறந்தது. மேடையில் நின்ற வெள்ளைச் சட்டையை ஒருமுறை பார்த்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

அந்தச் சங்கத்தின் தேர்தலில் முதன்முதலாக வாக்குச் சீட்டு வழங்கப்பட்டது. எஸ்தர் தன் கடைப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். மாவு ஒட்டிய பெட்டி. சீட்டுகள் விழுந்தன, எண்ணப்பட்டன. பெலிசா வென்றாள், மயிரிழையில்.

மண்டபம் கைதட்டியது. முன்வரிசையும் தட்டியது, குளோதில்டேயும் தட்டினாள். யாரோ மல்லிகை மாலையோடு மேடையேறினார்கள். பெலிசா அந்த மாலையை வாங்கவில்லை. கையை உயர்த்தி, ஓசை அடங்கும்வரை நின்றாள்.

"போதும், நிறுத்துங்க. இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். போன தடவ நான் வேணாம்னு சொன்னப்பவும் இதே சத்தம்தான்."

மதிலின் பக்கம் கையை நீட்டினாள்.

"அந்த வீட்டுல சோபா கிடக்கு. இன்னிக்கே தூக்கிப் போட்டுட்டுப் பாய் விரிக்கணும். யாரு என்கூட வர்றீங்க? ஒரு தடவதான் கேப்பேன்."